மூன்று உயிர்களின் உடை: கஸாக் குதிரை வேட்டையில் அணிபவை

வளைகுடா நாடுகளில் தொழில் பார்த்துத் திரும்பிய எங்கட ஊரவர்கள் பலர், அங்குள்ள அரபிகள் கையில் வல்லூறு ஏந்தி நிற்பதைக் கண்டிருப்பார்கள். இடது கையில் ஒரு தடித்த உறை, அதன்மேல் தலை மூடப்பட்ட பறவை. அந்த வல்லூறு பெரியதாக இருந்தாலும் ஒன்று அல்லது ஒன்றேகால் கிலோகிராம்தான் இருக்கும். ஆனால் மத்திய ஆசியாவில், இதே வேட்டைக் கலையை வேறொரு பறவையைக் கொண்டு செய்யும் ஒரு முஸ்லிம் மக்கள் கூட்டம் உண்டு. அவர்கள் கையில் ஏந்துவது பொன்னிறக் கழுகு. பெண் கழுகின் எடை நான்கு முதல் ஆறரை கிலோகிராம். விரித்த சிறகின் நீளம் இரண்டு மீற்றருக்கு மேல். அதைக் கையில் வைத்துக்கொண்டு, குதிரையில் ஏறி, பனி மூடிய மலையில் வேட்டைக்குப் போகிறார்கள். இவர்கள்தான் கஸாக்கியர்.

கஸாக்கியர் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழியைப் பேசுபவர்கள். ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். பெரும்பான்மையோர் கஸகஸ்தானில் வாழ்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு பகுதியினர் அல்தாய் மலையைக் கடந்து இன்றைய மேற்கு மொங்கோலியாவுக்கு மேய்ச்சல் நிலம் தேடி வந்தார்கள். 1940இல் அவர்கள் வாழும் பகுதி பயான்-உல்கீ என்ற தனி மாகாணமானது. கஸகஸ்தானில் 1930களின் கட்டாயக் கூட்டுப்பண்ணை முறையும் அதனோடு வந்த கொடும் பஞ்சமும் நாடோடி வாழ்க்கையையே முறித்துப் போட்டன. கழுகு வேட்டையும் அங்கே தேய்ந்தது. பயான்-உல்கீயிலோ தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று அது அறுபடாமல் வந்தது. கழுகு வேட்டைக்காரரை அவர்கள் 'புர்கித்ஷி' என்பார்கள். கழுகுக்கு 'புர்கித்' என்று பெயர்.

இந்தப் புர்கித்ஷிகளின் படங்களைப் பார்ப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது உடை. நரித்தோல் தொப்பி, பருத்த மேலங்கி, வெள்ளி பதித்த இடுப்புப் பட்டி, அலங்காரச் சேணம். பார்த்தவுடன், ஏதோ நாடகத்துக்கு வேடம் போட்ட மாதிரி இருக்கும். அது வேடம் அல்ல. அந்த உடையில் சும்மா தொங்கும் பொருட்கள் மிகக் குறைவு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இந்த வேட்டையில் உடை அணிவது மனிதன் மட்டுமல்ல. குதிரையும் அணிகிறது, கழுகும் அணிகிறது. மூன்று உயிர்களும் ஒன்றையொன்று காயப்படுத்தாமல், ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஒரு நாளைக் கழிப்பதற்கான ஏற்பாடே இந்த உடை. இந்தக் கட்டுரை அதை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

வேட்டை நடக்கும் விதம்

உடையைப் புரிந்துகொள்ள முதலில் வேட்டையைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலம் மாரி, முதற்பனி விழுந்தது முதல் பெப்ரவரி வரை. அப்போதுதான் நரியின் மயிர் அடர்த்தியாக இருக்கும்; புதுப்பனியில் அதன் காலடியும் தெளிவாகத் தெரியும். புதுப்பனி விழுந்த வேட்டை நாளுக்குக் கஸாக் மொழியில் 'கன்சோனார்' என்று தனிச் சொல்லே உண்டு.

புர்கித்ஷி கழுகோடு மலை முகட்டுக்கு ஏறி நிற்பார். துணைக்கு வந்த குதிரைக்காரர்கள் கீழே பள்ளத்தாக்கில் சத்தம் போட்டு, பதுங்கியிருக்கும் நரியைக் கலைப்பார்கள். நரி வெளியில் பாய்ந்தவுடன் புர்கித்ஷி கழுகின் தலைமூடியைக் கழற்றி, கையை உயர்த்தி விடுவார். கழுகு மேலிருந்து இறங்கி நரியைப் பிடிக்கும். வேட்டை அத்தோடு முடிவதில்லை. பிடிபட்ட நரி கடிக்கும். கழுகின் கால் போனால் பறவையே போய்விடும். ஆகவே புர்கித்ஷி, சரிவு என்றும் பாராமல் குதிரையை விரட்டிக்கொண்டு கீழே போய்ச் சேர வேண்டும்.

இதில் நான்கு கஷ்டங்கள் இருக்கின்றன. ஒன்று, குளிர். இரண்டு, கையில் உள்ள பாரம். மூன்று, மலைச்சரிவு. நான்கு, எதைக் கண்டாலும் பாயத் துடிக்கும் பறவை. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால், இனி வரும் பொருட்கள் ஏன் என்று கேட்க வேண்டியதில்லை.

சவாரிக்காரருக்கு

அல்தாய்ப் பகுதியில் மாரியில் வெப்பநிலை மறை 30 பாகை செல்சியசுக்கும் கீழே போகும். எங்கட வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியே மறை 18 பாகை அளவில்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தக் குளிரில் காற்று வீசும் முகட்டில் அசையாமல் மணிக்கணக்காகக் காத்து நிற்பதுதான் வேட்டையின் பெரும்பகுதி.

தலைக்கு 'திமாக்'. நரித்தோலால் ஆன தொப்பி இது. இரு பக்கமும் காதை மூடும் மடல்கள், பின்னால் கழுத்தை மூடும் நீண்ட மடல். குளிர் கூடினால் பக்க மடல்களை நாடிக்குக் கீழே கட்டிக்கொள்ளலாம். கீழேயிருந்து துணைக்காரர் குரல் கொடுப்பதைக் கேட்க வேண்டுமென்றால் மேலே தூக்கிவிடலாம். காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் மூடிக்கொண்டு மற்றக் காதைத் திறந்து வைப்பதும் உண்டு. கஸாக்கியர் தொப்பியைத் தரையில் எறிவதில்லை, மிதிப்பதில்லை. தலைக்குரிய மரியாதை அதற்கும் உண்டு. தொப்பி என்பது வெறும் தலைமூடி அல்ல என்பதை, 1905இன் துருக்கித் தொப்பிப் பிரச்சினையைக் கண்ட எங்கட சமூகத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உடலுக்கு 'தோன்' என்னும் செம்மறித்தோல் மேலங்கி. கம்பளி மயிர் உட்பக்கம் இருக்கும். தோல் வெளிப்பக்கம் காற்றைத் தடுக்கும். மயிருக்கு நடுவே அடைபட்டு நிற்கும் காற்றுத்தான் உண்மையில் சூட்டைக் காப்பது. வசதியுள்ளவர்கள் நரி, ஓநாய் போன்றவற்றின் மயிர்த்தோல் வைத்த 'இஷிக்' என்ற அங்கியை அணிவார்கள். எதுவானாலும் கீழ்ப்பகுதி அகலமாக இருக்க வேண்டும். குதிரையில் காலை அகட்டி உட்காரும்போது அங்கி இறுகக்கூடாது; தொடையையும் முழங்காலையும் மூடிக்கொண்டு விழ வேண்டும்.

அங்கியின் மேல் இடுப்புப் பட்டி. வெள்ளித் தகடுகள் பதித்திருப்பதால் இதை நகை என்று நினைத்துவிடுகிறோம். பட்டியை இறுக்காவிட்டால் கீழேயிருந்து காற்று அங்கிக்குள் புகுந்து நெஞ்சு வரை ஏறும். இறுக்கினால் அங்கி இரண்டு அறையாகிறது. மேல் அறையின் சூடு கீழே இறங்காது. கத்தியும் சிறு பைகளும் தொங்குவது இந்தப் பட்டியில்தான்.

காலுக்கு 'ஷல்பார்' என்னும் அகலமான காற்சட்டை. பெயரைக் கேட்டதும் எங்கட 'சல்வார்' நினைவுக்கு வருகிறதா? இரண்டும் ஒரே பாரசீகச் சொல்லின் பிள்ளைகள். 'சவாரி', 'லகான்', 'சவுக்கு' போன்ற சொற்களும் பாரசீக வழியாகத் தமிழுக்கு வந்தவையே. குதிரையோடு சேர்ந்து சொற்களும் நெடுந்தூரம் பயணம் செய்திருக்கின்றன.

பாதத்துக்கு 'சப்தமா' என்ற உயர்ந்த சப்பாத்து. முழங்கால் வரை, சில வேளை அதற்கு மேலும் போகும். அதற்குள் 'பைபாக்' என்ற கெட்டிக் கம்பளிக் காலுறை. நெய்யாமல், ஆட்டு மயிரை நனைத்து உருட்டி இறுக்கிச் செய்வது அது. சப்பாத்தை அளவெடுக்கும்போதே இந்தக் காலுறைக்கும் இடம் விட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். சப்பாத்து இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் முதலில் விறைத்துப் போகும். கால் பதியும் அங்கவடி இரும்பு என்பதை மறக்கக் கூடாது. உள்ளங்காலின் சூட்டை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு கேள்வி எழலாம்: நரி, ஓநாய் மயிரை அணிவது பற்றி மார்க்கச் சட்டம் என்ன? இதில் மத்ஹபுகளுக்கிடையே சுவையான வேறுபாடு உண்டு. பன்றி போன்ற விலக்குகள் நீங்கலாக, பதனிட்ட தோல் சுத்தமாகும் என்பது ஹனஃபி, ஷாஃபி இரண்டிலும் உண்டு. மயிரில்தான் பிரிவு. செத்த பிராணியின் மயிரும் சுத்தமே என்பது ஹனஃபி நிலை. பதனிட்டாலும் மயிர் சுத்தமாகாது என்பது ஷாஃபி மத்ஹபில் வலுவான கருத்து. நரி இறைச்சியில் நிலைமை தலைகீழ்: ஹனஃபியில் அது ஆகாது, ஷாஃபியில் ஆகுமானது. ஆகவே கஸாக்கியர் நரியைத் தேடுவது சாப்பாட்டுக்கு அல்ல, தொப்பிக்கும் அங்கிக்கும்தான். வேட்டைக்குப் போக உடை வேண்டும். அந்த உடையையே வேட்டைதான் தருகிறது.

வலது கை

கஸாக்கியர் கழுகை ஏந்துவது வலது கையில். கடிவாள வார் இடது கையில் இருக்கும். சவுக்கை அவர்கள் 'கம்ஷி' என்பார்கள். அதற்கு மணிக்கட்டில் மாட்டும் வளையம் உண்டு. ஒரே கையால் இரண்டையும் சமாளிக்க அதுதான் வழி.

வலது கைக்கு 'பியலாய்' என்னும் தடித்த தோல் உறை. முழங்கையை எட்டும் நீளம். கழுகின் நகங்கள் சாதாரணத் தோலைத் துளைத்துவிடும். அதுவும் பறவை இறுக்கிப் பிடிப்பது நிலை தடுமாறும்போதுதான், அதாவது குதிரை ஓடும்போது. அங்கியின் கை உறைக்குள் போக வேண்டும், உறைக்கு மேலே வரக்கூடாது. மேலே வந்தால் நகம் அதில் சிக்கும்.

உறை நகத்திலிருந்து காக்கும், பாரத்திலிருந்து காக்காது. ஐந்தாறு கிலோ அரிசிப் பையை, கையை மடக்கி முன்னால் நீட்டியபடி எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும்? பத்து நிமிடம் கடப்பதே கஷ்டம். அதற்குத்தான் 'பல்தாக்'. இது மரத்தால் செய்த ஒரு தாங்குகட்டை. அடிப்பகுதி சேணத்தின் முன்பக்கத்தில் பொருந்தி நிற்கும். மேல்முனை கவை போலவோ பிறை போலவோ வளைந்திருக்கும். அந்த வளைவில் மணிக்கட்டை வைத்துவிட்டால் கழுகின் பாரம் தோளுக்கு வராமல், கட்டை வழியாகச் சேணத்துக்கும் குதிரைக்கும் இறங்குகிறது.

முழு உடையிலும் மிகவும் எளிமையான பொருள் இது. இது இல்லாவிட்டால் குதிரை மேல் கழுகு வேட்டை என்பதே நடக்காது. இதன் நீளம் ஆளுக்கு ஆள் வேறு. கட்டை குட்டையாக இருந்தால் சவாரிக்காரர் வலப்பக்கம் சரிந்து உட்காருவார். நீளமாக இருந்தால் தோள் தூக்கியே நிற்கும். இரண்டிலும் கஷ்டப்படுவது அவர் மட்டுமல்ல. சரிந்த பாரம் குதிரையின் முதுகையும் ஒரு பக்கமாக அழுத்திப் புண்ணாக்கும்.

குதிரைக்கு

இந்த வேட்டைக்குப் பயன்படுவது மொங்கோலிய வகைக் குதிரை. தோள் உயரம் 120 முதல் 140 சென்ரிமீற்றர் வரைதான். அரபுக் குதிரையைப் பார்த்த கண்ணுக்குக் கட்டையாகத் தெரியும். ஆனால் மாரியில் அதற்கு இயல்பாகவே அடர்ந்த மயிர் வளர்கிறது. படைத்தவன் கொடுத்த அந்த அங்கிக்கு மேல் மனிதன் வைப்பதெல்லாம் பாரத்தையும் சரிவையும் சமாளிக்கத்தான்.

முதலில் முதுகில் 'தெர்லிக்' என்ற கெட்டிக் கம்பளி விரிப்பு. பெயரிலேயே வியர்வை இருக்கிறது. 'தெர்' என்றால் வியர்வை. அதன் மேல் இன்னொரு விரிப்பு, அதற்கு மேல் மரச்சட்டம் கொண்ட சேணம். மரம் நேரே முதுகில் படக்கூடாது. விரிப்பில் ஒரு மடிப்போ ஒரு முள்ளோ இருந்தால் மாலைக்குள் அது புண்ணாகும். சேணம் கட்டுமுன் விரிப்பின் அடியைக் கையால் தடவிப் பார்ப்பதை எந்த நாட்டுக் குதிரைக்காரரும் விடுவதில்லை.

அடுத்தது பட்டிகள். சமவெளியில் ஓட வயிற்றுப் பட்டி போதும். மலையில் போதாது. ஏற்றத்தில் சேணம் பின்னால் வழுக்கும். அதைத் தடுக்க நெஞ்சைச் சுற்றி வரும் 'ஒமில்திரிக்'. இறக்கத்தில் சேணம் கழுத்துப் பக்கம் சரியும். அதைத் தடுக்க வாலின் அடியைச் சுற்றிப் பின்னால் இழுக்கும் 'குய்ஸ்கான்'. படங்களில் வெள்ளித் தகடுகளோடு மின்னுவது பெரும்பாலும் இந்த இரண்டு பட்டிகளும்தான். அலங்காரம் என்று கண் நிற்கும் இடத்தில்தான் சவாரிக்காரரின் உயிரும் தங்கியிருக்கிறது. நரியைப் பிடித்த கழுகை நோக்கிச் சரிவில் பாயும்போது பின்பட்டி அறுந்தால் சேணம், மனிதன் எல்லாம் குதிரையின் தலைக்கு மேலால் போகும்.

வாய்க்கு எளிய இரும்புக் கடிவாளம். கடும் குளிரில் வெறும் இரும்பை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால் மாட்டுமுன் இரும்பைக் கையில் பிடித்துச் சூடாக்குவது குளிர்நாட்டுக் குதிரைக்காரரின் வழக்கம்.

கடிவாள வாரைத் தவிர இன்னொரு நீண்ட கயிறும் உண்டு, 'ஷில்பிர்'. அதன் நுனியைச் சவாரிக்காரர் தன் இடுப்புப் பட்டியில் செருகிக்கொள்வார். விழுந்தால் குதிரை ஓடிவிடாமல் கயிறு கைக்கு எட்டும். பனிவெளியில் குதிரையை இழந்தவன் உயிரோடு வீடு சேர்வது கடினம். ஆனால் கயிற்றைச் செருகுவார்களே தவிர, முடிச்சுப் போட மாட்டார்கள். முடிச்சுப் போட்டால் வெருண்ட குதிரை ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

ஓய்வு நேரத்தில் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டும் 'ஷிதெர்' என்ற தளை. குதிரை மேயலாம், தூரம் போக முடியாது. ஓடி வியர்த்த குதிரையின் சேணத்தை உடனே கழற்றுவதும் இல்லை. ஈர முதுகில் பனிக்காற்று பட்டால் நோய்தான். முதுகு ஆறும் வரை விரிப்பு மேலேயே இருக்கும். பிறகு 'ஜாபு' என்ற கம்பளிப் போர்வை.

கழுகுக்கு

"சேர், கழுகுக்கும் தொப்பியா?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. ஆம், அதற்கும் தொப்பிதான். பெயர் 'தொமகா'. மெல்லிய தோலால் செய்து, கண்ணை முழுக்க மூடி, அலகைத் திறந்து விடும். கழுகு கண்ணால் வாழும் பறவை. தூரத்தில் ஒரு முயல் அசைந்தாலும் அதற்குத் தெரியும், தெரிந்தால் பாயும். கண் மூடப்பட்ட கழுகு அமைதியாக இருக்கும்; குதிரையின் அசைவுக்கும் மனிதக் குரலுக்கும் மிரளாது. அதன் சிறகடிப்பு குறைவதால் குதிரையும் மிரளாது. பறவையின் தலையில் இருந்தாலும் தொமகாவினால் மூவருக்கும் பயன் உண்டு. அது கண்ணில் உரசக்கூடாது. ஒரு கையாலும் பல்லாலும் சட்டென்று கழற்றக் கூடியதாகவும் இருக்க வேண்டும். நரி காத்து நிற்காது.

கால்களில் 'அயாக்பாவ்' என்ற குட்டையான தோல் வார்கள். புர்கித்ஷி இவற்றை உறைக்குள் விரல்களால் பிடித்திருப்பார். வார் நீண்டால் பறக்கும்போது புதரில் சிக்கும். இறுகினால் காலின் தோல் உரியும்.

பழக்கிய வேட்டைப் பிராணி பிடித்தது பற்றி சூரா அல்மாயிதாவின் நான்காம் வசனம் பேசுகிறது. அங்கே நிபந்தனை, பிராணி கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. தொமகாவும் அயாக்பாவும் அந்தக் கற்பித்தலின் கருவிகள். நகத்தை வெட்டியோ சிறகைக் குறைத்தோ கழுகை அடக்குவதில்லை. அப்படி அடக்கினால் அது வேட்டையாடாது.

அழகும் அளவும்

இவ்வளவு பயனைச் சொன்னதால் அழகு இல்லை என்று ஆகிவிடாது. வெள்ளி வேலை கஸாக்கியரின் பெருங்கலை. தொப்பியிலும் குதிரையிலும் ஆந்தை இறகுக் கொத்துச் செருகுவார்கள். அதன் பெயர் 'உக்கி'. கண்ணூறு படாமலிருக்க என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. பயனுக்கான பொருள் சரியாக அமைந்த பிறகு, அதன் மேல் அழகு வந்து உட்கார்ந்தது. வரிசை அதுதான்.

இன்று அந்த வரிசை மாறும் அபாயம் இருக்கிறது. 1990களின் இறுதியிலிருந்து உல்கீ நகருக்கு அருகே ஒவ்வோர் ஒக்ரோபரிலும் கழுகு விழா நடக்கிறது. வெளிநாட்டினர் கமராக்களோடு வருகிறார்கள். கழுகு முகட்டிலிருந்து அழைப்புக்கு இறங்கி வரும் வேகத்துக்குப் புள்ளி உண்டு; சவாரிக்காரரும் குதிரையும் அணிந்திருக்கும் மரபு உடைக்கும் பரிசு உண்டு. வேட்டைப் பறவைக் கலை 2010இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியபோது மொங்கோலியாவும் அதில் இருந்தது; 2016இல் கஸகஸ்தானும் சேர்ந்தது. 2014 விழாவில் 13 வயதுச் சிறுமி ஆய்ஷோல்பான் நுர்காயிவ் முதலிடம் பெற்றதும், அவரைப் பற்றிய ஆவணப்படம் 2016இல் வெளியானதும் உலகத்தின் கவனத்தை அங்கே திருப்பின.

இதனால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. வருமானம் வருகிறது, இளைஞர்கள் நகரத்துக்கு ஓடாமல் கழுகு பழக்குகிறார்கள், தையற்காரருக்கும் வெள்ளி வேலைக்காரருக்கும் தொழில் கிடைக்கிறது. ஒரு சிறுமி கழுகேந்தி வந்தால், அவளுடைய கைக்கு அளவான பியலாயையும் பல்தாக்கையும் யாராவது புதிதாகச் செய்ய வேண்டும்; அந்த அறிவு அப்போதுதான் உயிரோடு இருக்கும்.

ஆனால் ஒக்ரோபர் வெயிலில் அரை மணி நேரம் அணிவகுப்பதற்கும் ஜனவரிப் பனியில் நாள் முழுக்க முகட்டில் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பல்தாக் இரண்டு விரல் நீளமாக இருப்பது படத்தில் தெரியாது. சப்பாத்துக்குள் கம்பளிக் காலுறைக்கு இடம் இல்லாதது நடுவர் கண்ணுக்கு எட்டாது. பின்பட்டியின் தோல் உலர்ந்து வெடித்திருந்தாலும் வெள்ளித் தகடு மின்னும். இவற்றையெல்லாம் கண்டுபிடித்துத் தண்டிப்பது மலைதான். மலைக்குப் போவது நின்றுவிட்டால், உடை மிஞ்சும். அதன் அளவு மறந்துவிடும். அளவு மறந்த பொருளை அடுத்த தலைமுறை செய்யும்போது அது பொம்மைதான்.

மரபு உடை என்று நாங்கள் எதைப் பேணினாலும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. இது எந்தக் கஷ்டத்துக்குப் பதிலாக வந்தது? அந்தப் பதில் இன்னும் இதில் இருக்கிறதா? உருவத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு மரபைக் காத்ததாக நினைத்துக்கொள்வது இலேசு. எங்கட ஊர்களில் நூதனசாலைக் கண்ணாடிக்குள் போன பொருட்களுக்கும் அதே கதைதான்: பெயர்ப் பலகை இருக்கும், அளவு சொல்ல ஆள் இருக்காது.

புர்கித்ஷிகளிடம் இன்னொரு வழக்கம் உண்டு. சில ஆண்டுகள் வேட்டையாடிய பிறகு, கழுகை இளவேனிலில் மலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அது கூடுகட்டிக் குஞ்சு பொரிக்க வேண்டும் என்பதற்காக. பிரியாவிடையாக ஆட்டிறைச்சி வைப்பதும் உண்டு. அன்று தொமகாவையும் அயாக்பாவையும் கழற்றி எடுத்துக்கொள்வார்கள். அவற்றைக் கட்டியபடியே விட்டால், காட்டில் அந்த வார் ஒரு கிளையில் மாட்டி, பறவை அங்கேயே தொங்கிச் சாகும். எப்போது அணிவிப்பது என்பதைப் போல, எப்போது கழற்றுவது என்பதும் இந்த உடை பற்றிய அறிவில் ஒரு பங்கு.